ஆற்றங்கரைக் குன்றும் அதன் மேல் இருந்த ஊரும்: ஃபோர்ட் கேனிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களையும், இங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர்களின் பிள்ளைகளையும் பல வருடங்களாக இந்தக் குன்றுக்கு அழைத்துப் போகிறேன். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூரில் மலையா? எங்கே இருக்கிறது?

மலை என்று சொல்லி அழைத்துப் போனால் ஊரிலிருந்து வருபவர்கள் ஏமாந்துவிடுவார்கள். குன்று என்பதுதான் சரி. உயரம் சுமார் 48 மீட்டர். தேவகோட்டையிலிருந்து வந்திருந்த என் அத்தை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? நம்ம குன்றக்குடி மாதிரிகூட இல்லையே" என்றார். மேலே போய் ஒரு மணி நேரம் ஆன பிறகு, கிளம்பலாமா என்று நான் கேட்டதற்கு, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்பா" என்றவரும் அவரேதான்.

சிங்கப்பூர் ஆற்றின் வடகரையில், கிளார்க் கீக்கு நேர் பின்னால் இருக்கிறது. தெற்கே ரிவர் வேலி சாலை, கிழக்கே ஹில் ஸ்திரீட், வடக்கே தேசிய அரும்பொருளகம், மேற்கே டேங்க் ரோடு முருகன் கோயில். இவற்றுக்கு நடுவில் 18 ஹெக்டர் பரப்பில் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

பூங்காதானே அது? ஊர் என்று ஏன் சொல்கிறீர்கள்?

இன்று பூங்கா. 700 வருடங்களுக்கு முன் அங்கே மக்கள் குடியிருந்தார்கள்.

வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கடல்வழியாக வந்து போனார். 1349 வாக்கில் எழுதிய பயணக் குறிப்பில் பான்சூ என்ற இடத்தைப் பற்றிச் சொல்கிறார். அது ஒரு குன்று, அடுக்கடுக்காக மேடைகள், அவற்றைச் சுற்றி வீடுகள். மண்ணில் வளமில்லை, தானியம் குறைவு. மக்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு சரிகைப் பட்டில் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். கடல் நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள், அரிசியைப் புளிக்க வைத்து மது வடித்தார்கள். ஒரு பத்தி அளவுக்குத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படித்துவிட்டு ஏறினால், சரிவில் ஒவ்வொரு சமதளம் வரும்போதும் இங்கே யார் வீடு இருந்திருக்கும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

பான்சூ என்பது பஞ்சூர் என்ற மலாய்ச் சொல்லின் சீன உச்சரிப்பு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பஞ்சூர் என்றால் ஊற்று நீர் வந்து விழும் இடம், நம் ஊர்ச் சொல்லில் சுனை. ஆக, ஊருக்குப் பெயரே தண்ணீரால் வந்தது. மேலே சுனை, கீழே ஆறு, ஆறு போய்ச் சேரும் இடத்தில் கடல். இந்தக் குன்றில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மேலே படிக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு இதே இடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. பலெம்பாங் இளவரசர் சாங் நீல உத்தமா, ஸ்ரீ திரிபுவன என்ற பட்டப்பெயர் கொண்டவர், துமாசிக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) கரையில் இறங்கி ஒரு விலங்கைக் கண்டு அது சிங்கம் என்று நம்பி, சிங்கபுர என்று பெயர் வைத்தாராம். 1299 என்று வழக்கமாகச் சொல்லும் ஆண்டு அது. அவர் வழியில் ஐந்து மன்னர்கள் ஆண்டதாகக் கதை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாக்குதலுக்கு ஆளாகி, கடைசி மன்னர் வடக்கே தப்பிப்போய் மலாக்காவை நிறுவினார்.

கதை, குறிப்பு எல்லாம் சரி, மண்ணில் ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு மண்ணும் பதில் சொல்லியிருக்கிறது. பின்னாளில் சிங்கப்பூரின் இரண்டாவது ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேய ஆட்சிப் பொறுப்பாளராக, இருந்த ஜான் கிராஃபர்ட், 1822 பிப்ரவரியில் இந்தக் குன்றைச் சுற்றி நடந்து, செங்கல் அடித்தளங்களையும், உச்சிக்கு அருகில் சுமார் 40 அடிச் சதுர மேடை ஒன்றையும், பழைய சீனக் காசுகளையும், யாரோ எப்போதோ நட்டு வைத்துவிட்டுப் போன பழ மரங்களையும் பார்த்து எழுதி வைத்தார். கடலிலிருந்து குன்று வரை ஒரு மண் சுவர் போனதையும் பார்த்திருக்கிறார். அதன் ஓரமாக ஒரு நன்னீர் ஓடை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஓடையும் சுவரும், முன்னால் கடல், பின்னால் குன்று என்று பழைய நகரத்துக்கு எல்லை கட்டியிருந்தார்கள். அந்தச் சுவர் போன தடத்தில்தான் இப்போது ஸ்டாம்ஃபர்ட் சாலை போகிறது.

அதற்கு அப்புறம், 1984இல் தொல்லியல் அறிஞர் ஜான் மிக்சிக் இங்கே முறையாக அகழாய்வு செய்தார். சீனப் பீங்கான் துண்டுகள், மண்பாண்டம், கண்ணாடி மணிகள் என்று 14ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. தோண்டிய இடத்துக்கு மேல் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குழி சின்னதுதான். குழந்தைகளை அதன் விளிம்பில் நிறுத்தி, இவ்வளவு ஆழத்துக்குக் கீழே ஒரு ஊர் என்று காட்டலாம்.

தடை செய்யப்பட்ட குன்று என்று ஏன் பெயர்?

மலாய் மொழியில் புக்கிட் லாராங்கான். மன்னர் மாளிகை இருந்ததால் அழைப்பில்லாமல் யாரும் ஏறக்கூடாது. மேற்குச் சரிவில் இருந்த சுனையில் அரண்மனைப் பெண்கள் குளித்தார்கள் என்றும், அதனால் அந்தப் பக்கம் ஆண்கள் தலைகாட்டக் கூடாது என்றும் சொல்வார்கள். சுனைக்கு பஞ்சூர் லாராங்கான் என்று பெயர்.

அரண்மனை அழிந்து 400 வருடங்கள் கழித்தும் அந்தப் பயம் போகவில்லை. 1819இல் ஆங்கிலேயர்கள் மேலே ஏற நினைத்தபோது, ஆற்று முகத்துவாரத்தில் கம்பம் (மலாய்க் குடியிருப்பு) அமைத்துக் குடியிருந்த தெமெங்கோங் என்ற மலாய்த் தலைவரின் ஆட்கள் வர மறுத்தார்கள். ஆளில்லாத குன்றிலிருந்து பலர் கூச்சலிடும் சத்தமும் முரசுச் சத்தமும் கேட்கும் என்று தெமெங்கோங் சொன்னதை மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா பதிவு செய்திருக்கிறார். கடைசியில் முதல் ரெசிடெண்டான ஃபார்குவர், மலாக்காவிலிருந்து வந்தவர்களைக் கொண்டு காட்டை வெட்டி, பீரங்கியை மேலே இழுத்துப் போய் வெடிக்க வைத்தார்.

சுனை இப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதன் நீரைக் கப்பல்களுக்குக் கொடுத்தார்கள், தேவை கூடக் கூடச் சுற்றிலும் கிணறுகள் தோண்டினார்கள், ஊற்று வற்றிவிட்டது. 2019இல் பூங்காவைப் புதுப்பித்தபோது அதன் நினைவாக ஒரு குளியல் துறை போல அமைத்திருக்கிறார்கள். புதுசுதான், ஆனாலும் அங்கே ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

நமக்கும் இந்தக் குன்றுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

என்னிடம் கேட்கும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதையிலிருந்து வருவோம். செஜாரா மெலாயுவில் கலிங்க நாடு என்று அடிக்கடி வரும். மலாய்க்காரர்கள் அந்தப் பெயரால் குறித்தது தென்னிந்தியாவைத்தான். சிங்கபுரத்தின் இரண்டாவது மன்னருக்கு மனைவியாக வந்தவள் அந்த நாட்டு அரசர் ஜம்புக ராம முதலியாரின் மகள் என்று அந்த நூல் சொல்கிறது. வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பல நூறு வருடங்களுக்கு முன் மலாய்க் கதை சொன்னவருக்கு முதலியார் என்ற பெயர் பழக்கமாக இருந்திருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொரு கதை படாங் என்ற பலசாலியைப் பற்றியது. கலிங்க நாட்டு மல்லன் ஒருவன் ஏழு கப்பல் பந்தயத்தோடு வந்தானாம். மன்னர் மாளிகைக்கு எதிரே கிடந்த பெரிய பாறையை அவன் முழங்கால் வரைதான் தூக்கினான். படாங் அதைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீசினான். அது ஆற்று முகத்துவாரத்தில் போய் விழுந்தது. தோற்றவன் நம்மவன்தான். இருந்தாலும் படாங் இறந்தபோது அவன் சமாதிக்குக் கல் அனுப்பியவரும் கலிங்க மன்னரே என்று கதை முடிகிறது. மேலே நின்று ஆற்று முகத்துவாரத்தைப் பார்க்கும்போது இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

இப்போது வரலாறு. 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டி சூலியா கம்பம் என்று தென்னிந்தியர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்கான்களை ஆரம்ப நாள்களில் அதிகம் ஓட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள். பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் சின்ன மேசை, அதன் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வட்டிக்கடை. பக்கத்திலேயே பெட்டகம்.

அந்தச் செட்டியார்கள்தான் குன்றின் மேற்கு அடிவாரத்தில் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். கோயில் வருவதற்கு முன்பே அங்கே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் அரச மரம், அதன் அடியில் வேல் நட்டு வழிபட்டிருக்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் குன்றின் ஊற்றிலிருந்துதான். குளித்துவிட்டுச் சாமி கும்பிட வசதியாக இருந்ததால் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். டேங்க் ரோடு என்ற பெயரில் இருக்கும் டேங்க், அந்தக் குளம்.

அரண்மனைப் பெண்கள் குளித்த சுனை, செட்டியார்கள் குளித்த குளம். இரண்டும் ஒரே குன்றின் தண்ணீர். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இங்கேயும் அப்படியே அமைந்திருக்கிறது. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து காவடியோடு நடந்து வரும் ஆயிரக்கணக்கானோர் வந்து சேரும் இடம் இந்தக் குன்றின் அடிவாரம். ஆனால் கும்பிட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறியவர்கள் எத்தனை பேர்? நானே நாற்பது வயது வரை ஏறவில்லை. சின்ன வயதில் அம்மாவோடு எத்தனையோ தடவை கோயிலுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பக்கம் மரம் இருக்கிறது என்பதோடு சரி.

குன்றின் வடக்கு அடிவாரத்திலும் தண்ணீரோடு நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மண் சுவரை ஒட்டி ஓடிய அந்த ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். டோபி காட் என்ற ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

சிங்கப்பூர்க் கல்லில் தமிழ் இருக்கிறது என்கிறார்களே?

ஆற்று முகத்துவாரத்தில் சுமார் 3 மீட்டர் உயரமுள்ள மணற்பாறை ஒன்று இருந்தது. ஐம்பது வரி போல எழுத்து வெட்டியிருந்தது. 1819இல் கண்ணில் பட்டது. 1843இல் கட்டுமான வேலைக்காக ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 24 வருடம் கையில் இருந்த பொக்கிஷத்தை முழுதாகப் படி எடுக்காமலேயே உடைத்துவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆறாது. மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. ஒரு பகுதியை 'கேசரிவ' என்று வாசிக்கலாம், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டமாக இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர் கருத்துச் சொன்னார். கருத்துதான், முடிந்த முடிவு இல்லை. கல்லில் இருப்பது தமிழ் என்று அடித்துச் சொல்லாதீர்கள். இந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது என்று சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு அதுவே ஆர்வத்தைத் தூண்டும்.

அங்கே கிடைத்த தங்க நகைகளைப் பார்க்க முடியுமா?

முடியும். அவசியம் பாருங்கள். 1928இல் உச்சியில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய தொழிலாளிகள் கையில் அகப்பட்டவை. 14ஆம் நூற்றாண்டு, கிழக்கு ஜாவா பாணி. எல்லாம் இப்போது இல்லை, இரண்டாம் உலகப் போரில் சில காணாமல் போயின. மீந்தவை தேசிய அரும்பொருளகத்தில், குன்றிலிருந்து இறங்கினால் வாசல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோள்வளையைக் குனிந்து பாருங்கள். பின்னல் சங்கிலி, நடுவில் ஒரு தகடு. தகட்டில் பிதுங்கிய கண்ணும் விரிந்த வாயுமாக ஒரு முகம். ஜாவாவில் காலன் என்பார்கள். நம் கோயில் விமானங்களில் கீர்த்திமுகம் பார்த்திருப்பீர்களே, அதே சாயல்தான். என் அத்தை பார்த்த மாத்திரத்தில் "இது நம்ம வங்கி மாதிரில்ல இருக்கு" என்றார். நகை விஷயத்தில் அவர் கண் தப்பாது.

கோட்டை எங்கே?

பெரும்பாலும் இல்லை. ஆறு வரியில் கதை: 1822இன் கடைசியில், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் உச்சியில் மரத்தால் ஒரு வீடு கட்டிக்கொண்டார். மலாய் மன்னர்களின் சமாதிகள் பக்கத்தில் இருப்பதாகவும், இங்கே தன் உயிர் போனால் அவர்களுக்கு அருகில் கிடப்பேன் என்றும் ஒரு கடிதத்தில் எழுதினார். அவருக்கு அப்புறம் வந்தவர்களும் அங்கே குடியிருந்ததால் கவர்மெண்ட் ஹில் என்ற பெயர் வந்தது. 1859இல் அந்த வீட்டை இடித்துக் கோட்டை கட்டத் தொடங்கி 1861இல் முடித்தார்கள். அப்போதைய இந்திய வைஸ்ராய் கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அதன் பீரங்கி எந்தப் போரிலும் எதிரியைச் சுடவில்லை. 1907இல் கோட்டையையும் இடித்துவிட்டார்கள். வாசலும் கொஞ்சம் சுவரும் மிச்சம். கனத்த மரக்கதவோடு நிற்கும் அந்த வாசல் வழியாக ஒரு முறை நடந்து போங்கள்.

சரி, மேலே இருந்து என்ன தெரியும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உதகை மாதிரி, கொடைக்கானல் மாதிரி பள்ளத்தாக்குக் காட்சி எதிர்பார்க்காதீர்கள். மரங்களும் கட்டடங்களும் நிறைய மறைக்கின்றன.

ராஃபிள்ஸ் வீட்டு மேடைக்குப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தின் மாதிரி நிற்கிறது. அசல் விளக்கம் 1903 முதல் 1958 வரை எரிந்தது. கரையோரத்தில் உயரமான கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்ததால் விளக்கை ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் உச்சிக்கு மாற்றினார்கள். பிறகு அதையும் புதிய கட்டடங்கள் மறைத்தன; அதுவும் அணைந்தது. அந்த மேடையில் நின்று கடல் இருந்த திசையைப் பாருங்கள். மரக்கிளைகளுக்கு இடையே கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அவற்றில் பல நிற்பது கடலைத் தூர்த்த நிலத்தில். பழைய கரை பீச் ரோடோடு முடிந்துவிட்டது. மரினா பே சாண்ட்ஸ் இருக்கும் இடத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தால், வந்து சேரும் கப்பல்களையும் தொங்கான்களையும் எண்ணி, ஊருக்குத் தெரிவிக்க இந்தக் குன்றில் கொடி ஏற்றிய காலம் கொஞ்சம் புரியும்.

ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் உச்சியை விட்டு ரிவர் வேலி சாலைப் பக்கத்துச் சரிவுக்கு வாருங்கள். கிளார்க் கீயின் ஓட்டுக் கூரைகளும் நடுநடுவே ஆறும் தென்படும். ஒரு காலத்தில் இந்த ஆறு தொங்கான்களால் நெருக்கியடித்துக் கிடந்தது, நாற்றமும் பொறுக்க முடியாது. 1977இல் தொடங்கிய சுத்தப்படுத்தும் பணி 1987 வரை நடந்தது. தொங்கான்களை 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல் நீர் உள்ளே வருவதில்லை. அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆறு, இப்போது குடிநீருக்கான நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி.

குன்றின் உச்சியிலும் தண்ணீர்தான். நகை கிடைத்தது என்றேனே, அப்போது கட்டிய நீர்த்தேக்கம் 1929 முதல் அங்கேயே இருக்கிறது. புல் மூடி, வேலி போட்டிருப்பதால் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

கல்லறைகள் இருக்கின்றனவாமே, பயமாக இருக்காதா?

இருக்காது. அது அழகான புல்வெளி. 1820களிலிருந்து 1865 வரை கிறிஸ்தவர்களைப் புதைத்த இடம். சுமார் 600 பேர். கல்வெட்டுகளைப் பெயர்த்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். மாலுமிகளும் பச்சைக் குழந்தைகளுமாக நிறைய இளம் வயதுச் சாவுகள். படிக்கப் படிக்க மனம் கனக்கும்.

கெராமாட் இஸ்கந்தர் ஷா என்ற சமாதித் தலம் வேறு. கடைசி மன்னரின் சமாதி என்று நம்பி இன்றும் பலர் வந்து வழிபடுகிறார்கள். அவர் மலாக்கா போய்விட்டாரே என்று அங்கே நின்று வாதாடாதீர்கள். நம் ஊரில் ஜீவசமாதிக்கு முன் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொண்டால் போதும்.

பூமிக்கடியில் போர்க்கால அறை?

பேட்டில் பாக்ஸ். சுமார் 9 மீட்டர் ஆழம். ஜப்பானியரிடம் சரணடைவது என்ற முடிவை 1942 பிப்ரவரி 15ஆம் தேதி காலை பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பெர்சிவலும் மற்ற தளபதிகளும் இங்கேதான் எடுத்தார்கள். போர்க்கால வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அவசரமாகப் பார்த்தால் மனதில் நிற்காது.

பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஜூபிளி பூங்காவில் சறுக்கும் ஊஞ்சலும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் மசாலாத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள் என்பேன். 1822இல் ராஃபிள்ஸ் இந்தச் சரிவில் சாதிக்காயும் கிராம்பும் நட்டு ஒரு பரிசோதனைத் தோட்டம் போட்டார். சிங்கப்பூரின் முதல் தாவரத் தோட்டம் அது. 1829இல் மூடிவிட்டார்கள். அதன் நினைவாக இப்போது இருக்கும் தோட்டத்தில் நம் அஞ்சறைப் பெட்டி முழுவதும் மரமும் செடியும் கொடியுமாக நிற்கிறது.

பழுத்த சாதிக்காய் ஒன்று வெடித்திருந்தால் அதிர்ஷ்டம். வெளியே வெளிர் மஞ்சள் தோல். வெடிப்புக்குள் கருப்பாகப் பளபளக்கும் கொட்டை. அதைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னினாற்போல சாதிபத்திரி. கடையில் காய்ந்து சருகாகப் பார்த்த அந்தப் பத்திரி இவ்வளவு சிவப்பா என்று பெரியவர்களே வியப்பார்கள். பறிக்கக் கூடாது. கீழே விழுந்த இலையை முகர்ந்து பார்க்கலாம்.

படங்களில் வரும் வட்டப் படிக்கட்டு எங்கே?

டோபி காட் பக்கம், பினாங் ரோட்டிலிருந்து பூங்காவுக்குள் நுழையும் சுரங்கவழியில். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் மரக்கிளை வானத்தில் வட்டமாகத் தெரியும். வார இறுதியில் வரிசை நீளம். வார நாள் காலையில் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் சாங் நீல உத்தமா தோட்டத்தின் பிளவு வாசல்களைப் பார்த்துவிடலாம். அங்கேயும் படம் நன்றாக வரும்.

வயதானவர்கள் ஏற முடியுமா? எந்த வழி நல்லது?

முட்டி வலி உள்ளவர்களை தேசிய அரும்பொருளகத்தின் பின்பக்கமாக அழைத்துப் போங்கள். அங்கே நகரும் படிக்கட்டு உண்டு. டவுன்டவுன் வழித்தடத்தில் ஃபோர்ட் கேனிங் ரயில் நிலையம் இருக்கிறது. அதிலிருந்தும் ஏறலாம், கொஞ்சம் மூச்சு வாங்கும்.

கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். காலை 7 மணிக்கு முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயில் வாசலிலிருந்து நடந்து மேற்குச் சரிவில் ஏறுங்கள். பஞ்சூர் லாராங்கான், அகழாய்வுக் குழி, கோட்டை வாசல், கலங்கரை விளக்கம், மசாலாத் தோட்டம். பிறகு ஹில் ஸ்திரீட் பக்கம் இறங்கினால் வண்ண வண்ண ஜன்னல்கள் கொண்ட பழைய காவல் நிலையக் கட்டடம். மொத்தம் 927 ஜன்னல்கள், பிள்ளைகள் எண்ணட்டும். அதைத் தாண்டினால் ஆறு. நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். தண்ணீரும் குடையும் கட்டாயம். மதியம் மழை பிடித்தால் மேலே ஒதுங்க இடம் குறைவு, இடி இடித்தால் மரத்தடியில் நிற்கவே கூடாது.

குன்றை முழுசாகப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

ஆற்றின் மேல். மேலே இருக்கும்போது நாம் குன்றைப் பார்ப்பதில்லை, அதன் மேல் நிற்கிறோம், அவ்வளவுதான். கோல்மன் பாலத்துக்கு வாருங்கள். மாலை ஆறரை மணிக்கு மேல், வெயில் தணிந்து விளக்குகள் இன்னும் முழுதாக எரியாத நேரம். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு வடக்கே திரும்பினால் சாலைக்கும் கடைகளுக்கும் பின்னால் அந்தப் பச்சைத் திட்டு எழுந்து நிற்கும். வாங் தாயுவானும், கலிங்க மல்லனும், தொங்கான் தள்ளிய நம்மவர்களும் தண்ணீரில் வந்துதான் முதலில் அதைப் பார்த்திருப்பார்கள்.

போன முறை அத்தையை அங்கே நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோயில் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். குன்றின் இடது ஓரத்தைக் காட்டினேன். அந்தத் திசையில் கை கூப்பினார். கீழே சுற்றுலாப் படகு ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்தது.